கதவுக்கு இந்தப் பக்கம்

தலைமையாசிரியையின் அறையில் உள்ளே ஐந்து பேர், வெளியே ஒருத்தி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. அவருக்கு எதிரே, கைப்பிடி இல்லாத இரண்டு நாற்காலிகளில் மாணவியின் பெற்றோர்; அப்பா கதவுப் பக்கம், அம்மா அலமாரிப் பக்கம். அலமாரியை ஒட்டிய முக்காலியில் ஓவிய ஆசிரியர். நான் மேசைக்குப் பக்கவாட்டில், மடியில் அட்டை வைத்து எழுத வசதியான இடத்தில். மாணவி தாழ்வாரத்து பெஞ்சில், பையைக் கழற்றாமல்.

எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் போட்டுவிட்டால், யார் என்ன பேசினார்கள் என்பது பின்னாலேயே வந்துவிடும். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடிதம் எழுதப் பழக்கிய ஆசிரியர் வைத்த வழக்கம். இந்தப் பள்ளியில் புகாரோ நன்றியோ இரங்கலோ, கடிதம் என்றால் என் மேசைக்குத்தான் வரும். அன்று எழுத வேண்டியிருந்தது ஒரு மன்னிப்புக் கடிதம். அதற்குக் காரணமும் இந்த வழக்கமேதான்.

ஏழாம் வகுப்புப் பாடநூலில் ஒரு சிறுகதை இருக்கிறது. ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. சாப்பாட்டு மேசை புது வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. காலை அறுக்கலாம் என்கிறார் ஒருவர், நிலையை இடிக்கலாம் என்கிறார் இன்னொருவர், விற்றுவிடலாம் என்கிறாள் அம்மா. சண்டை முற்றிப் பசியெடுக்க, மேசையை வாசலிலேயே போட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. தலைப்புக்கு மேலே பட்டையாக 'குடும்பமும் பண்பாடும்' என்று அச்சிட்டிருப்பார்கள். எனக்கு அது எப்போதும் மதிய இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில்தான் வந்து மாட்டும். மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும். பாதி வகுப்பு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். அந்தப் பாதியில் நானும் உண்டு.

"பண்பாடுன்னா என்ன?" என்று கேட்டேன்.

"பெரியவங்க வந்தா டி.வி. சத்தத்தைக் குறைக்கிறது சார்."

"விருந்தாளி இருக்கும்போது அடிக்காம, போனப்புறம் அடிக்கிறது சார்."

"வீட்டுச் சண்டையை வெளியில காட்டிக்காதது சார்."

வகுப்பு சிரித்தது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: உங்கள் வீட்டில் சாப்பிடும் இடத்தை வரைந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்து வாருங்கள். மேசையோ தரையோ கட்டிலோ, உள்ளது உள்ளபடி.

வரைந்து வந்தார்கள். நான் மதிப்பெண் போடுவதில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதுவேன். அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு பத்தி எழுத வேண்டும். 'மாமா ஏன் ஜன்னலோரம்?' 'பூனைக்கு எதற்கு நாற்காலி?' இப்படி. வகுப்பில் 'ஆனா' என்று ஒரு பெண் உண்டு. எதைச் சொன்னாலும் 'ஆனா சார்' என்று தொடங்குவதால் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர். அவள் தாளில் மேசையில் இரண்டு பேர். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு அறைக்குள், அப்பா மட்டும். கட்டுக் கட்டாகத் தாள் பார்த்துக் கண் எரிந்துகொண்டிருந்த நேரம். 'அப்பா ஏன் தனியாக?' என்று எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தாள்களை ஓரம் வெட்டித் தரும்படி ஓவிய ஆசிரியரிடம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். பெற்றோர் நாளுக்குச் சுவர் காலியாக இருக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் வரிசையாக ஒட்டிவிட்டார். நான் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். கோணலாக இருந்த ஒன்றை நிமிர்த்தியும் வைத்தேன்.

அடியில் கேள்வி இருந்தால், பார்க்கிறவர்கள் பதில் சொல்லிப் பார்ப்பார்கள். 'அப்பா ஏன் தனியாக?' என்பதற்குத் தாழ்வாரத்தில் கிடைத்த பதில், அந்தப் பெண்ணின் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நன்றாக ஊதிப் பெருத்துவிட்டது. குடிக்கிறாராம். குடித்துவிட்டு வருவதால் பிள்ளைகளோடு உட்கார விடுவதில்லையாம். பேருந்து ஓட்டியவரைப் பணிமனையில் விசாரணை ஜன்னலில் உட்கார வைத்திருப்பதும் அதனால்தானாம்.

அவர் வந்திருந்தது டி.சி. வாங்க.

"டி.சி.யைக் குடுத்துடுங்க மேடம். வேற ஒண்ணும் பேச வேணாம்," என்றார். ஒரு ரெக்ஸின் பையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் அதற்கடியில் செருகியிருந்தார்.

"வருஷ நடுவுல எந்த ஸ்கூல்லங்க சேப்பாங்க? முதல்ல டீ குடிங்க," என்றார் தலைமையாசிரியை.

டீ வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவருடையது அப்படியே இருந்தது.

அம்மாதான் பேசினாள். தையல் நிறுவனத்தில் வேலை. அரை நாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். "இவரு குடிக்கிறவர் இல்ல மேடம். ஒரு நாள் கூடக் கிடையாது. என் பக்கத்து மெஷின்காரி கேக்குறா, 'அக்கா, அண்ணன் எப்ப நிறுத்துவாரு'ன்னு. எதைடி நிறுத்துறதுன்னு கேட்டா, பாவம்கிற மாதிரி என் தோளைத் தட்டிட்டுப் போறா."

ஓவிய ஆசிரியர் முக்காலியில் நெளிந்தார். "தப்பா எதுவும் நினைச்சு ஒட்டலைங்க. கலர் அவ்வளவு நல்லா இருந்துச்சு, அதான்…"

"கலர் நல்லாத்தாங்க இருந்திருக்கும். என் பொண்ணு வரைஞ்சது. நான்தான் இன்னும் பாக்கல. பாத்தவங்க சொன்னதுலயே வயிறு ரொம்பிடுச்சு," என்றார் அப்பா.

"அந்தக் கேள்வி நான் எழுதினதுங்க," என்றேன்.

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏன் சார் எழுதினீங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணு எழுதுவேன்."

"பதில் தெரிஞ்சுக்கவா?"

"இல்ல. பிள்ளைங்க யோசிச்சு எழுதணும்னு."

"எழுதிட்டாங்களே சார். தெருவே உக்காந்து எழுதிடுச்சு."

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மன்னிப்பு வாசிக்கலாம் என்றார் தலைமையாசிரியை. அது இன்னொரு தடவை சுவரில் ஒட்டுவது மாதிரி என்றாள் அம்மா. அந்தப் பாடத்தையே நிறுத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியை.

"அப்படி என்னதான் கதை அது?" என்றார் அப்பா.

சுருக்கமாகச் சொன்னேன். புருவத்தைச் சுருக்கிக் கேட்டார்.

"மேசை உள்ள போகலன்னா காலைக் கழட்டிருக்கணும். நாலு போல்ட்டு. அதுக்கு இவ்வளவு பெரிய கதையா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, வந்த வழியே போயிற்று.

"அந்தக் கதையில அப்பா எங்க உக்காருறாரு?"

"அவர் உக்காரவே இல்லைங்க. எல்லாருக்கும் பரிமாறிட்டே நிக்கிறார்."

"கை நல்லா இருக்கிற மனுஷன்," என்றார். பையின் அடியிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அது தானாக ஆடியது. அதை அடக்க இடது கையை மேலே வைத்தார், அதுவும் ஆடியது.

"போன வருஷம் ஆரம்பிச்சுது. டாக்டர் வாயில நுழையாத ஒரு பேரு சொன்னாரு. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. சாப்பிட உக்காந்தா பாதி தட்டுல, பாதி மடியில. பசங்க பாக்க வேணாம்னு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறேன். உங்க கேள்விக்குப் பதில் போதுமா சார்?"

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு தலைமையாசிரியை, "டி.சி. தர்றதுன்னா பிள்ளையையும் ஒரு வார்த்தை கேக்கணுங்க," என்று சொல்லிக் குரல் கொடுத்தார்.

'ஆனா' உள்ளே வந்தாள். மேசைமேல் இருந்த அப்பாவின் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை.

"ஆனா மேடம், நான் தப்பா வரையலையே."

"தப்புன்னு யாரும் சொல்லலம்மா," என்றார் அப்பா. "வீட்டுக்குள்ள இருக்கிறது வீட்டுக்குள்ளதான் இருக்கணும். அதான்."

"ஆனாப்பா, யார் எங்க உக்காருறாங்கன்னு சார் கேட்டார். நீங்க உள்ள. அம்மாவும் தம்பியும் மேசையில. நான் கதவுக்கு இந்தப் பக்கம்."

"எந்தக் கதவுக்கு?"

"உங்க கதவுக்குத்தான். தட்டை எடுத்துட்டு வந்து கீழ சாஞ்சு உக்காந்துப்பேன். நீங்க ஸ்பூனைக் கீழ போட்டா சத்தம் கேக்கும்ல? அம்மாகிட்ட போய் வேற ஸ்பூன் கொண்டு போகச் சொல்லுவேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். "அதான் கூப்பிடாமலே ஸ்பூனோட வந்து நிக்கிறியா?"

"சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்கன்னுதாங்க," என்றாள் அவள்.

கோப்பிலிருந்து படத்தை எடுத்தேன். அவரிடம் நீட்டப் போனவன் நிறுத்தி, அவர் கண்ணெதிரே பிடித்துக்கொண்டேன். கதவின் கீழ், இந்தப் பக்கம், பழுப்பாக ஒரு வட்டம். அதன் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், தட்டு. அவளைக் குறித்த பழுப்பு வட்டத்தை நான் கால்மிதி என்று நினைத்திருந்தேன். வரைந்தவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றே தேடாமல் கேள்வி எழுதியிருக்கிறேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். என் கை வலித்தது, இறக்கவில்லை.

"முதுகு வலிக்காதா உனக்கு? அது வழவழன்னு கூட இல்லாத கதவு," என்றார் கடைசியில்.

"ஆனா தலகாணி வெச்சுப்பேன்."

அம்மா அவருடைய டீயில் பாதியைத் தன் காலிக் கோப்பையில் ஊற்றிவிட்டு, மீதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் இரண்டு கைகளாலும் எடுத்தார். சாசர் கடகடத்தது. ஓவிய ஆசிரியர் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. மகள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை.

"ஆறிப்போச்சு," என்றார்.

"வேற போடச் சொல்றேங்க."

"வேணாம் மேடம், இதுவே போதும். டி.சி.யும் இப்ப வேணாம். இவ நாளைக்கு வருவா. இவளை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"மெஷின்காரிக்கு நானே சொல்லிடறேன், என்ன வியாதின்னு," என்றாள் அம்மா, அவரைப் பார்க்காமல். அவர் மறுக்கவில்லை.

எழுந்தபோது என்னிடம் சொன்னார்: "மன்னிப்புன்னு பெருசா எழுதாதீங்க சார். அந்தப் படத்தைத் தபால்ல அனுப்புங்க. கையில குடுத்தா பஸ்ஸு முழுக்க ஆடிக்கிட்டே வரும்."

அவர்கள் போன பிறகு தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "அடுத்த வருஷம் அந்தக் கதையை விட்டுடலாமா சார்?"

"புத்தகத்துல இருக்கே மேடம். பரீட்சைக்கு வருமே."

"அப்ப இந்தப் படம் வரையறது மட்டும் வேணாம்."

"சரிங்க மேடம்," என்றேன். வாதாட எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் இருந்திருக்காது.

கடைசி மணி அடித்த பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். முதல் தாளில் பழக்கதோஷத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று தொடங்கிவிட்டேன். கிழித்தேன். இரண்டாவதில் 'வருத்தத்துக்குரிய' என்று தொடங்கி, அந்தச் சொல்லே அலுத்துப் போய் அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

'ஐயா, உங்கள் மகள் கேட்டதைக் கேட்டபடி சரியாக வரைந்திருக்கிறாள். நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேள்வியை எடுத்துவிட்டேன். மன்னிக்கவும்.'

கத்தரிக்கோலால் தாளின் அடியில் சிவப்பு மை இருந்த பட்டையை வெட்டி எடுத்தேன். எவ்வளவு கவனமாக வெட்டியும் மேசையின் ஒரு கால் நுனி போய்விட்டது. உறையில் அடங்க ஒரு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. கதவின்மேல் விழாமல் மடித்தேன். அந்தச் சிவப்புப் பட்டையைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அலுவலக உதவியாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "சீக்கிரம் சார், தபால் பை கட்டிடுவாங்க. பதிவுத் தபாலா?"

"கையெழுத்துப் போடணுமே அவர். சாதாத் தபாலே போதும்."

பசையைத் தடவி உறையை ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, முகவரியைச் சரிபார்த்துக் கொடுத்தேன். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.