எளாவூர்ச் சாலையில் ஒரு வாய்

2008 சித்திரையில் என் மருமகன் தணிகாசலத்தின் இடக் கன்னத்து உட்புறத்தில் வெள்ளைத் திட்டு படர்ந்திருந்தது. இன்னும் புற்றாகவில்லை, விட்டுவிட்டால் ஆகக்கூடும் என்றார் சென்னை மருத்துவர். ஒரு மருந்தைக் குடிக்கச் செய்து, அது திட்டில் ஊறிய பின்னர் அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார். நான்கு முறை பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு முறைக்குப் பின்னும், மருந்து உடம்பில் இருக்கும் இரண்டு நாள் வெயில் படலாகாது, பட்டால் தோல் வெந்துவிடும்.

மறுநாளே அவனைக் கும்மிடிப்பூண்டி உருக்காலையின் பழைய இரும்புக் குவியலருகே உச்சி வெயிலில் நிறுத்தினார் ஒப்பந்தக்காரர் பரசுராமன். இரவுப் பணியில் ஆட்கள் உறங்கிவிடாதிருக்கப் புகையிலைப் பொட்டலங்களை இலவசமாக வழங்கி, அத்திட்டுக்குக் காரணமானவரும் அவர்தாம்.

"லைட்டு அடிச்சாங்களாம், வெயில்ல நிக்க மாட்டாராம். இன்னா, சினிமா ஸ்டாரா நீ?" என்றாராம்.

மாலையில் முகமெல்லாம் கொப்புளங்களோடு வந்தான். "இனிமே ஆஸ்பத்திரி வேணாம் மாமா. வேல பூட்டா சோறு ஏது?"

எளாவூர்ச் சாலையோரம், என் வயலை ஒட்டி, பரசுராமனின் ஐம்பதாவது பிறந்தநாள் ஃபிளெக்ஸ் கைகூப்பி நின்றது. சிகிச்சைக்கு முன் மருத்துவர் எடுத்த நிழற்படத்தைக் கேட்டு வாங்கினேன். "என் வாய்தான, மாட்டுங்க மாமா" என்றான் தணிகாசலம். அதே அளவில் அச்சிட்டு, என் வரப்பின்மேல் நட்டேன். திறந்த வாய், உள்ளே திட்டு, கீழே, 'உழைப்பாளர்களுக்கு அண்ணன் பரசுராமனின் இலவசப் பரிசு.' லாரிகள் வேகம் குறைத்துப் பார்த்துச் சென்றன.

மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"இன்னா சார் இது? எம் பொண்ண பாக்க வர்றவங்க இந்த வழியாத்தான் வரணும்."

"வரட்டும். பார்க்கட்டும்."

"எங்க பசங்க கிழிச்சிப் போட்டுடுவானுங்க."

"கிழிக்கட்டும். பத்துப் பிரதிகள் அச்சிட்டிருக்கிறேன்."

"இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

"நான்கு முறையும் முடிந்து, திட்டு இல்லையென்று மருத்துவர் எழுதித் தரும் நாளில் இறக்குவேன். அதுவரை விடுப்பும் கூலியும் நீங்கள் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்களே அழைத்துச் செல்ல வேண்டும்."

அன்றுமுதல் தணிகாசலத்தின் வாயைக் குறித்து அவரைப்போலக் கவலைப்பட்டவர் எவருமிலர். இரண்டாம் முறைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் வந்தது. நான் போகத் தேவையில்லை. அவர் காத்திருப்பதைக் காண்பதற்காகவே போனேன். தாடையில் பாதியை இழந்த ஒருவருக்கும், குழாய்வழி உண்ணும் ஒருவருக்கும் நடுவே, பெஞ்சியில் மூன்று மணி நேரம் தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

"சார், கார்லயே உக்காந்துக்கினு இருக்கட்டுமா?"

"வேண்டாம். இங்கேயே இருங்கள்."

தலையில் துண்டைப் போர்த்துக்கொண்டு தணிகாசலம் வெளியே வந்தான். வாசலில் வெயில் கொளுத்தியது. பரசுராமன் எழுந்து ஓடிக் குடையை விரித்தார்.

"பாத்து வா நைனா."

தணிகாசலம் வீங்கிய கன்னத்தோடு நிதானமாகச் சொன்னான்: "இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க. மூஞ்சில படுது."

தாழ்த்திப் பிடித்தார்.