தேசிக்காய் நசுக்கிய ஒரு நிமிடம்

புது லொறி வந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது ஆனந்தராஜாதான். அதுவே எனக்கு முதல் எரிச்சல். டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிற எங்கள் கம்பனியில் பத்தொன்பது வருடமாக லொறி ஓட்டுகிறவன் நான். முதலாளி ஹென்றிக் என்னைக் கூப்பிட்டல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நாலு வருடத்துக்கு முன்னர் நானே கூட்டிக்கொண்டுபோய் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒருவன், என் வீட்டு வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொல்கிறான்:

"அண்ணை, லொறியை எனக்குத் தந்திட்டாங்கள். வெரோனா ஓட்டமும் எனக்குத்தான்."

கண்ணில் தண்ணீர் வேறு. "நல்லது, நல்லது" என்றேன். வாய்தான் சொன்னது. வயிறு அப்போதே எரியத் தொடங்கிவிட்டது.

ஹென்றிக்கிடம் போய்க் கேட்டேன். அவன் டெனிஷில் ஆறுதலாக விளக்கினான். இத்தாலியில் இருக்கிற வாடிக்கையாளர் ஒரே சாரதி தொடர்ந்து வரவேண்டும் என்கிறாராம். ஆனந்தராஜாவுக்கு வயது நாற்பது, எனக்கு ஐம்பத்தாறு. "முதல் ஓட்டம் திங்கள் காலை ஐந்து மணிக்கு. அதில் அவன் தவறினால் நீதான். உன் பெயரை இரண்டாவதாக எழுதி வைத்திருக்கிறேன்" என்றான்.

இரண்டாவதாக! நான் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். மனைவி விமலராணி மீன்குழம்பு சரியில்லையா என்று கேட்டாள். மீன் நன்றாகத்தான் இருந்தது.

அந்த லொறியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளை. உள்ளே இருக்கிற கட்டில் என் வீட்டுக் கட்டிலை விட அகலம். குளிர்சாதனப் பெட்டி, சூடேறும் இருக்கை, பழைய லொறிகளில் வரும் அந்த ஈரக் கம்பளி மணம் இல்லை. நான் ஓட்டுவது ஒன்பது வருடத்து வண்டி. அதில் என் பக்கக் கதவை உதைத்தால்தான் பூட்டும். அதில் நான் போவது ஹம்பேர்க்குக்கும் ஹொலண்டுக்கும். அல்ப்ஸ் மலையைத் தாண்டுவது ஆனந்தராஜா.

ஒன்றில் மட்டும் அவனால் என்னை முந்த முடியாது. டாக்கோ. லொறிக்குள் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி நாங்கள் ஓடிய நேரம், நின்ற நேரம், படுத்த நேரம் எல்லாவற்றையும் எங்கள் சாரதி கார்ட்டில் எழுதிவைக்கும். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே இருக்கிற சிக்கல்கள் எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஜெர்மன் பொலிஸ்காரன் ஒருவனுக்கே நான் வீதியோரத்தில் வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனந்தராஜா எந்தச் சந்தேகம் என்றாலும் எனக்குத்தான் போன் எடுப்பான்.

சனிக்கிழமை மத்தியானமும் எடுத்தான்.

"அண்ணை, நாளைக்குக் காலமை பத்தரைக்கு நல்ல நேரமாம். சாரங்கா பஞ்சாங்கம் பாத்திட்டா. பின்னேரம் நாலரைக்கு ராகுகாலம் துவங்குது, அதுக்குப் பிறகு இருட்டிப்போடும். தேசிக்காய் நசுக்க லொறியை யார்ட்டுக்கை ஒரு அடி முன்னுக்கு எடுக்கவேணும். என்ர வாராந்த ஓய்வு ஆறு மணிக்குத்தான் முடியுது. பிரச்சினை ஏதும் வருமோ?"

சாரங்கா அவன் மனைவி. நாளும் கோளும் பார்க்காமல் சலவை இயந்திரம்கூட வாங்க மாட்டாள். தேசிக்காய் என்றால் எலுமிச்சைதான்; புது வண்டியின் சில்லுக்கு அடியில் வைத்து நசுக்கினால் பொறாமைக் கண் படாதாம்.

பிரச்சினை வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவன் போன கிழமை குறைந்த ஓய்வுதான் எடுத்தான். ஆகவே இந்தக் கிழமை முழு நாற்பத்தைந்து மணித்தியாலமும், இடையில் ஒரு நிமிடமும் உடையாமல் எடுத்தே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில்லு ஒருதரம் உருண்டால் டாக்கோ அதை ஒரு முழு நிமிட ஓட்டமாக எழுதும். ஓய்வு அந்த இடத்தில் முறிந்துபோகும். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவனால் யார்ட்டை விட்டு வெளியே போக முடியாது. திங்கள் காலை ஐந்து மணிக்கு வெரோனாவுக்கு வெளிக்கிட இன்னொருவன் வேண்டும். அந்த இன்னொருவனின் பெயர் ஹென்றிக்கின் தாளில் இரண்டாவதாக இருக்கிறது.

இதெல்லாம் எனக்குள் ஓடி முடிய ஒரு இருமல் நேரம்தான் பிடித்தது. உண்மையாகவே இருமினேன்.

"சும்மா பயப்பிடாதை. ஒரு அடிதானே, அதுவும் யார்ட்டுக்கை. ஆனா கார்ட்டைப் போட்டிட்டு எடு. கார்ட் இல்லாமல் ஓடினால்தான் பெரிய பிழை."

கடைசி வசனம் உண்மை. அதனால்தான் முன்னால் சொன்ன பொய் அவ்வளவு திடமாக நின்றது.

"நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன அண்ணை. நாளைக்குக் கட்டாயம் வாங்கோ" என்று அவன் வைத்துவிட்டான்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த விமலராணி, "ஆரப்பா?" என்றாள்.

"ஆனந்தராஜா. ஏதோ தேசிக்காய்க் கதை."

"பாவம், அந்தப் பிள்ளை எதெண்டாலும் உங்களைத்தான் கேக்கும்."

அது கொஞ்சம் குத்தியது. ஆனாலும் அன்றைக்கு நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விமலராணி தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனாள். நான் தேசிக்காய்க்குப் போனேன். நவம்பர் குளிரில், லொறிகள் நிற்கிற கம்பனி யார்ட் வெறிச்சோடிக் கிடந்தது. லொறியின் நெற்றியில் மூன்று குறித் திருநீறும் நடுவில் சந்தனப் பொட்டும். திங்கட்கிழமை அது இழுக்கப்போவது இருபது தொன் பன்றியிறைச்சி. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாரங்கா பட்டுச்சேலைக்கு மேலே தடித்த ஜாக்கெட் போட்டு, தட்டில் சூடம் கொளுத்தப் படாத பாடு பட்டாள். காற்று விடவில்லை. ஆனந்தராஜா குனிந்து முன்சில்லுக்கு இரண்டு, பின்சில்லுக்கு இரண்டு என்று தேசிக்காய்களை வைத்தான்.

கண்ணூறு கழிக்கிறார்களாம். கண்ணூறு பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

நேரம் பத்தரை தாண்டியது. அவன் ஏறட்டும், கார்ட்டைப் போடட்டும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவன் ஏறவில்லை. என்னிடம் வந்து, இரண்டு கையாலும் லொறித் திறப்பை நீட்டினான்.

"அண்ணை, நீங்கள்தான் எடுக்கவேணும்."

"நானோ? நான் வேதக்காரன். எனக்கேன் தேசிக்காய்?"

"கைராசிக்கு வேதம் சைவம் எண்டு இருக்கே? பத்தொன்பது வருசம் ஒரு கீறல் இல்லாமல் ஓடின கை. முதல் உருட்டு உங்கட கையாலதான்."

"நாங்கள் முதலே முடிவெடுத்தது அண்ணை. ஏறுங்கோ" என்று சாரங்கா போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

திறப்பை வாங்கினேன். ஏறினேன். இருக்கை என் முதுகை அறிந்ததுபோல வாங்கிக்கொண்டது. கதவு உதைக்காமலே பூட்டியது. கடவுளே, என்ன வண்டி! இது எனக்கு வந்திருக்க வேண்டியது என்று பல்லைக் கடித்தேன்.

கீழே நின்ற ஆனந்தராஜா கண்ணாடியில் தட்டினான். இறக்கினேன்.

"கார்ட்டைப் போடுங்கோ அண்ணை. நீங்கள்தானே சொன்னீங்கள்."

என் ஓய்வும் முடியவில்லை. வழமையாக நான் வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்தக் கிழமை ஜெர்மனியில் ஒரு விபத்தால் வீதி மூடி, வெள்ளி இரவு எட்டு மணிக்குத்தான் வந்தேன். எனக்கும் போன கிழமை குறைந்த ஓய்வுதான். ஞாயிறு பின்னேரம் ஐந்து வரைக்கும் நானும் டாக்கோவைத் தொடக்கூடாது. இதைச் சொன்னால், "அப்ப எனக்கு மட்டும் எப்பிடிப் பரவாயில்லை எண்டீங்கள்?" என்று கேட்பான். கார்ட் தேவையில்லை என்றால், நேற்று ஏன் பெரிய பிழை என்றீர்கள் என்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சொன்ன சொல்லே குறுக்கே நின்றது.

இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்த டாக்கோவில் எங்கள் ஆட்களின் பெயர் எதுவும் இன்னும் பதிந்திருக்கவில்லை. அவன் பெயருக்கு முதல் என் பெயர் அதில் ஏறவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. லொறி அவனுக்கு என்றால் இருக்கட்டும், முதல் ஆள் நான். அந்த ஆசை கணக்கை மறைத்துவிட்டது.

கார்ட்டைப் போட்டேன். பெட்டி அதை விழுங்கி, என் பெயரைக் காட்டி, இதுவரைக்கும் ஓய்வா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். பிரேக்கை விட்டேன். லொறி பாலில் மிதப்பதுபோல முன்னுக்குப் போனது. தேசிக்காய் நசிந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. சாரங்காவின் கைதட்டல்தான் கேட்டது.

நிறுத்தினேன். சின்னத் திரையில் ஓட்டத்தின் அடையாளம் வந்து போனது. பத்து நாற்பத்தைந்து. அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன். என் ஓய்வு இனி முடிவது செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பத்தைந்துக்கு.

இறங்கியபோது ஆனந்தராஜா என்னைக் கட்டிப்பிடித்தான். சாரங்கா ஒரு பெட்டி நிறைய மோதகம் தந்தாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டாக்கோவில் நடப்பது அலுவலகக் கணினிக்குத் தானாகவே போய்விடும். பின்னேரம் ஹென்றிக் போன் எடுத்தான். என் முழுப்பெயர் அவன் நாக்குக்கு நீளம்; பாதிதான் கூப்பிடுவான்.

"கிறிஸ்து, உன் பெயர் சிவப்பாக நிற்கிறது. இன்று காலை புது லொறியை ஓட்டினாயா?"

"ஒரு நிமிடம். பூசைக்காக."

"உன் ஓய்வு முடியவில்லை என்று உனக்குத் தெரியாதா? உனக்கு?"

தெரியாது என்றால் முட்டாள். தெரியும் என்றால் அதைவிட மோசம். ஹென்றிக்கே தொடர்ந்தான்:

"நாளை ஹம்பேர்க்குக்கு தோமஸை அனுப்புகிறேன். வெரோனாவுக்கு இரண்டாவது ஆளாகவும் அவனையே எழுதுகிறேன். நான் பின்னால் பார்க்கத் தேவையில்லாத ஒருவன் எனக்கு வேண்டும். அது நீ என்றுதான் நினைத்திருந்தேன்."

தோமஸ் வந்து எட்டு மாதம். இப்போது நான் இரண்டாவதும் இல்லை.

திங்கட்கிழமை முழுக்க வீட்டில் இருந்தேன். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. இப்போது வெளிக்கிட்டிருப்பான். எட்டரைக்கு, ஹம்பேர்க் தாண்டியிருப்பான். பத்தரைக்கு, முக்கால் மணித்தியாலம் நின்று கோப்பி குடித்து முடித்திருப்பான். என்னையறியாமல் அவனுடைய ஒவ்வொரு நிறுத்தத்தையும் கணக்குப் பார்த்தேன். விமலராணி மோதகத்தைச் சூடாக்கித் தந்தாள். தொடவில்லை.

பின்னேரம் நாலரைக்குப் போன் வந்தது.

"அண்ணை, வூர்ட்ஸ்பூர்க்குக்குக் கிட்ட நிக்கிறன். ஹென்றிக் இப்பதான் சொன்னவர், உங்கட ஓய்வு முறிஞ்சிட்டுதாம். என்னால உங்கட ஓட்டம் போச்சு. நீங்கள் வழமை போல வியாழனே வந்திட்டீங்கள், உங்கட ஓய்வு முடிஞ்சிருக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

"பரவாயில்லை. நான்தான் யோசிக்கேல்லை."

"இல்லை அண்ணை, நான் கேட்டிருக்கவேணும். சனிக்கிழமை உங்களோடை கதைச்சுப்போட்டு, லொறி முதலாளியின்ரதானே, சொல்லாமல் செய்யக்கூடாது எண்டு ஹென்றிக்குக்கும் மெசேஜ் போட்டனான். 'நீ தொடாதே, ஓய்வு முறியும், ஓய்வு முடிஞ்ச ஆரும் எடுக்கட்டும்' எண்டு எழுதினவர்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்ப நான் சொன்னது பிழை எண்டு உனக்கு அப்பவே தெரியும்."

"ஓம் அண்ணை."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"இதென்ன கதை? ஆர்தான் ஒருநாள் பிழை விடுறேல்லை? சாரங்காவுக்குக்கூட நான் சொல்லேல்லை. அவ உங்களைக் கெட்டிக்காரன் எண்டு தலையில வைச்சிருக்கிறா. நான் போய் அதைக் கெடுக்கவோ?"

பிழை விடவில்லை, தெரிந்துதான் சொன்னேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். லொறி அவனிடம் இருந்தது, வெரோனா அவனிடம் இருந்தது. இப்போது இந்த மனமும் அவனிடமே இருக்கிறது. அதைப் பார்த்தும் எனக்கு வயிறுதான் எரிந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

"ஒரு படம் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ" என்று வைத்துவிட்டான்.

பார்த்தேன். டாக்கோவில் ஞாயிற்றுக்கிழமைக்கான தாளை அச்சடித்து, கண்ணாடிக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். கீழே தன் கையால் 'முதல் கை' என்று எழுதியிருந்தான். படத்தைப் பெருப்பித்தேன். கிறிஸ்துநாயகம். பத்து நாற்பத்தைந்து. ஓட்டம், ஒரு நிமிடம்.

அந்த லொறியில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதையும் அவன்தான் தந்தான்.