ஐரானிக்கலி அறுந்த கயிறு

ஆபீஸ் முழுவதும் மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘ஐரானிக்கலி’. அந்த ஆங்கிலச் சொல் இல்லாமல் மனிதருக்கு வாயே திறக்காது. தினமும் தாமதமாக வருகிறவர், "ஐரானிக்கலி, இன்னைக்கும் லேட்" என்பார். கேட்கும்போதெல்லாம் அதே ஆபீஸில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாமான் ஏற்றும் லிப்ட் கயிறு அறுந்து விழுந்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. விசாரணைக்காக மேனேஜர் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைத் தமிழாக்கும் வேலை இந்த அம்மாளுக்கு வந்தது. "ஐரானிக்கலி, கயிறு தேய்ந்துவிட்டதென்று மெக்கானிக் மூன்று முறை எழுதிக்கொடுத்த லிப்டே விழுந்தது. கவனக்குறைவுக்காக மெக்கானிக்கை நீக்கலாம்."

"அக்கா, என் வேலை போயிடுமா?" என்றார் மெக்கானிக்.

"முதல்ல இந்தச் சொல்லைக் கவனிப்போம், தம்பி. நினைச்சதுக்கு நேர்மாறா நடந்தாத்தான் இதைப் போடணும். கண் டாக்டர் போய்க் கண்ணாடிக் கதவுல முட்டிக்கிட்டா போடலாம். தேஞ்ச கயிறு அறுந்தா?"

"அறுந்துதானேக்கா ஆகணும்!"

"அது உங்களுக்குத் தெரியுது. அந்தப் பெரிய படிப்புக்குத் தெரியலை."

விசாரணையில் முதலாளியம்மா முன்னால் மொழிபெயர்ப்பாளர் அறிக்கையைத் தமிழில் படித்தார். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினார்.

"சார், இதுக்குத் தமிழ் போட முடியலை. நீங்க எதிர்பார்த்தது என்னன்னு சொன்னா போட்டுடுவேன்."

"கயிறு அறுந்துபோகாதுன்னுதான்! வேறென்ன?"

"மூணு லெட்டர் படிச்ச பிறகுமா, சார்?"

மேனேஜருக்கு முகம் சுருங்கியது. "ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? தூக்கிப் போடும்மா அதை!"

மேனேஜர் சொன்னபடியே சொல்லைத் தூக்கிவிட்டு அந்த அம்மாள் படித்தார்: "கயிறு தேய்ந்துவிட்டதென்று மெக்கானிக் மூன்று முறை எழுதிக்கொடுத்த லிப்டே விழுந்தது."

பூச்சு உதிர்ந்த சுவர்போல வாக்கியம் பல்லிளித்தது. இத்தனை நேரம் அந்த ஒற்றைச் சொல், குற்றத்தை விதியின் விளையாட்டாக்கி மூடி வைத்திருந்தது.

"எழுதினது யாருக்கு?" என்றார் முதலாளியம்மா.

"சாருக்குத்தாம்மா. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் புதுக் கயிறு வரும்" என்றார் மெக்கானிக்.

முதலாளியம்மா மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை; மெக்கானிக்கிடமே கேட்டார்.

"புதுக் கயிறு போட எத்தனை நாள் ஆகும்?"

"வந்துட்டா ஒரே நாள்மா. ஆனா கையெழுத்து..."

"இனிமே லெட்டரை நேரா என்கிட்ட கொண்டு வாங்க. நாளைக்கு வேலைக்கு வரும்போதே எடுத்துட்டு வந்துடுங்க."