அமாவாசைச் சோற்றுக்கு ஒரு காக்கை

காக்கைக்குப் பஞ்சம் வரும் என்று ஜம்புலிங்கம் கனவிலும் நினைத்ததில்லை. ராமநாதபுரத்தில் அது ஒரு தொல்லை. விரட்டி விரட்டியே கை ஓய்ந்துபோகும். இங்கே போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் வீட்டு வேலியோரம் இலைபோட்டுச் சோறு வைத்து, உச்சிவெயில் வரை தொண்டை வறளக் கூப்பிட்டாள் நீலாவதி. வந்ததெல்லாம் மைனாதான். அதையும் துடைப்பத்தால் துரத்தினாள் மகராசி!

அவளுடைய அப்பா இறந்த தந்தி வந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இன்று முதல் அமாவாசை. காக்கை எடுக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவுக்குக் கோவம் தீரலைங்க. 'கடலைத் தாண்டிப் போறியே, எனக்கு ஒண்ணுன்னா எப்படிம்மா வருவே'ன்னு கேட்டாரு. கேக்காம உங்ககூட வந்தேன்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. கூட்டிவந்த பாவி அவன்தானே.

"எந்திரி நீலா. காக்கா வரலைன்னா நாம போய்த் தேடுவோம்."

அவனுக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலை. பங்குனி வறட்சியில் கிணறெல்லாம் காய்ந்தாலும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதென்று அத்துப்படி. தண்ணீர் இருக்கிற இடத்தில் பறவையும் இருக்கும். அவளுக்குக் காட்ட வேண்டுமென்று அவன் எத்தனையோ இடம் பார்த்து வைத்திருந்தான். கப்பலிறங்கிய நாளிலிருந்து அவள்தான் வாசல் தாண்டவில்லை.

சோற்றுத் தூக்கோடு கிளம்பினார்கள். முதல் குட்டையில் கொக்கும் நீர்க்கோழியும் இருந்தன. காய்ந்த கிளையில் சிவப்பு அலகோடு ஒரு பெரிய மீன்கொத்தி.

"ஆத்தி, இதுக்கு மூக்கு இம்புட்டுப் பெரிசா!" என்றவள், சட்டென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மின்னி பே கரையில் மீன் காயப்போட்டிருந்தார்கள். நாய்கள் இருந்தன, காக்கை இல்லை. கடைசியாகக் காட்டோரக் குட்டைக்கு வந்தார்கள். அப்பாடா! படாக் மர உச்சியில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. நீலாவதி அவசரமாக இலைபோட்டுச் சோறும் குழம்பும் பரிமாறினாள். கல்லுளிமங்கன், அசையவில்லை.

"காகா! காகா!" கூப்பிடும்போதே அவளுக்குக் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது.

"ஆஷ்ச்சி மா, ஆஷ்ச்சி!"

புதருக்குப் பின்னாலிருந்த குடிசையிலிருந்து, தோள் துண்டில் கையைத் துடைத்தபடி வங்காளிக் கிழவர் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர்கள் பாஷையில் காகா என்றால் சித்தப்பா. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன சொல்றாருங்க?" என்றாள் நீலாவதி.

"வர்றேம்மா, வர்றேம்மாங்கறாரு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிழவர் இலையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்து, "மேரே லியே?" என்று கேட்டபடி சம்மணமிட்டு உட்கார்ந்தார். எனக்கா என்று கேட்கிறார் மனிதர்!

"நஹி காகா, யே தோ..." என்று தடுக்கப்போன ஜம்புலிங்கத்தின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க. கூப்பிட்டேன், வந்திருக்காரு."

கிழவர் சோற்றைப் பிசைந்தவர், அவளுடைய காய்ந்த உதட்டைப் பார்த்துக் கையை நிறுத்தினார். "பெஹ்லே தும் காவோ, மா."

முதலில் நீ சாப்பிடு என்கிறார். அதற்கு அவன் தமிழ் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்கப்பா," என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அவர் ஒரு கவளம் உண்டபிறகு, தூக்கில் மீந்ததை எடுத்து அவளும் சாப்பிட்டாள்.

கிழவர் எழுந்து போனபின் இறக்கைச் சத்தம் கேட்டது.

"நீலா, அந்தா பாரு! காக்கா இறங்கிருச்சு!"

குட்டையில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவேயில்லை.

"அதுபாட்டுக்குத் திங்கட்டும். அப்பாதான் அப்பவே சாப்பிட்டாரே," என்றாள். "வாங்க, போற வழியில அந்தப் பெரிய மூக்கை இன்னொருக்கா பாக்கணும்."