மூலை வெட்டிய துணிகள்

ஜெகதாம்பாளிடம் எவ்வளவு துணி இருக்கிறது என்று யாராவது கேட்டால், மாடி அறையைக் காட்டுவாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அம்பத்தூரில் ஏற்றுமதிக்குத் தைக்கிற கம்பெனிகள் கழித்துப் போடும் துண்டுகளை சபீனா மூட்டையாக எடுத்து வந்து விற்பாள். அதில் நல்லதாகப் பொறுக்கி ஜெகதாம்பாள் ஒட்டுப்போர்வை தைத்தாள். மேலே துண்டுகளை இணைத்த பக்கம், நடுவில் நைந்த நூல் புடவை, அடியில் ஒரே துணி. பாரிவாக்கத்தில் அவள் போர்வை விரிக்காத தொட்டில் குறைவு. ஆனால் தைத்த வேகத்தைவிட வாங்கிய வேகம் அதிகம். மனதுக்குப் பிடித்ததையெல்லாம் பிறகு ஆகும் என்று எடுத்து வைத்தாள். கட்டிலுக்கு மேல் மூட்டை, அடியில் மூட்டை, பீரோவுக்குள்ளும் மூட்டை. அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு என்பதை அவள் கணவர் கஜபதி வெளியிலிருந்து பார்த்துத்தான் நினைவு வைத்திருந்தார்.

இப்போது மகன் வினோத்துக்கு ஓசூரிலிருந்து சென்னைக்கு மாற்றல். அவனும் மனைவி நிஷாவும் அந்த அறைக்குத்தான் வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாமான் வண்டியோடு வினோத் வருவான். அறையை ஒழுங்கு பண்ண நிஷா முன்கூட்டியே வந்துவிட்டாள். காலையில் லேப்டாப், மதியத்துக்கு மேல் மாடி.

வந்த அன்றே பேச்சு முடிந்தது.

"எதையும் தூக்கிப் போடச் சொல்லல, அத்தை. அந்த பீரோ முழுக்க உங்களுக்கு. ஆனா கதவு மூடணும். மூடாம மிஞ்சுற துணி இந்த ரூம்ல இருக்கக்கூடாது."

"மூடும்."

"பூட்டவும் பூட்டணும்."

"பூட்டும். சாவிய என் இடுப்புல சொருவிக்கறேன், பாரு."

கஜபதி வாசற்படியில் நின்று சிரித்தார். "பாவம் அந்த பீரோ. இன்னா வரப்போவுதுன்னு அதுக்குத் தெரியாது. மூடலன்னா இன்னாமே பண்ணுவே?"

"மிஞ்சினத நானே சபீனா வண்டியில ஏத்திடறேன்."

சொன்னால் சொன்னதுதான். அவளுக்குச் சந்தேகமும் இல்லை.

அவள் வேலையில் ஒரு முறை இருந்தது. புதுத் துணியை அலசிக் காயவைத்ததும், ஒரு மூலையைக் கத்தரியால் சின்னதாக வெட்டிவிடுவாள். மூலை போனது தண்ணீர் கண்ட துணி. நாலு மூலையும் இருந்தால் காணாத துணி. தண்ணீர் காணாததை நம்பிப் போர்வையில் சேர்த்தால் முதல் துவைப்பில் சுருங்கும், சாயம் விட்டுப் பக்கத்துத் துணியையும் கெடுக்கும். எதிர்வீட்டு நாகம்மாவின் பேரனுக்குத் தைத்த வெள்ளைப் போர்வை அப்படித்தான் ரோஸ் ஆனது. நாகம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பேத்திக்குக் கடையில் வாங்கினாள். அன்றிலிருந்து மூலை வெட்டு. இதை ஜெகதாம்பாள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

செவ்வாய்க்கிழமை திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினாள். மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. சுவரோரம் துணிகள் நிறவாரியாக நின்றன. நீலம் ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு. ஓரங்கள் கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தன.

"எப்படி இருக்கு, அத்தை?" நிஷாவுக்கு வியர்த்திருந்தது. "முக்கால்வாசி துணில மூலையே இல்ல. அதான் அடுக்க அடுக்க சரிஞ்சுச்சு. ஸ்கேல் வச்சு எல்லாத்தையும் சதுரமா வெட்டிட்டேன்."

ஜெகதாம்பாள் ஒரு துணியை எடுத்து விரித்தாள். நாலு மூலை. இன்னொன்றை விரித்தாள். நாலு மூலை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஜெகதாம்பாள் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டிலில் உட்கார இடம் இருந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

"சோறு துன்னியா?"

"சாப்பிட்டேன். ஏன் அத்தை, ஏதாவது தப்பா?"

மூலை வெட்டிய காரணத்தைச் சொன்னாள். நிஷா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் வாய மூடிக்கினு வேல பண்ணோம். வுடு."

கஜபதிதான் அதிகம் அதிர்ந்து போனார். "இத்தினி வருசமா எலி கடிச்சுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்மே. ரெண்டு பொறி வாங்கி வெச்சேனே!"

"ஒரு எலியாவது மாட்டுச்சா?"

"அது சாமர்த்தியமான எலின்னு நெனச்சேன்."

நிஷா சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

ஜெகதாம்பாள் எழுந்தாள். கலக்கம் எதுவும் அவளிடம் இல்லை. "தொட்டா தெரியும். புதுசுல கஞ்சி மொறமொறங்கும். கை சொல்லிடும்." கண்ணை மூடித் தடவினாள். அலசினது, அலசாதது, அலசினது என்று பிரித்தாள். மெரூன் துணி ஒன்று வந்தது. ஓரத்தில் பொடிப்பொடியாக மாங்காய் அச்சு. இருப்பதில் அதுதான் உசத்தி. பெரிய கட்டிலுக்கு ஒரு போர்வை தைக்கும்போது நடுவில் வைக்க வேண்டும் என்று பல வருடமாகக் காத்துவந்தாள்.

"இது அலசினது. சந்தேகமே வேணாம்."

நிஷா ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து நுனியை நனைத்தாள். தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த நிறத்துக்கு வந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலமே," என்றார் கஜபதி.

"அதான் மூஞ்சி சொல்லுதே."

ஜெகதாம்பாள் மக்கைப் பார்த்தாள். கைக்கும் தெரியவில்லை. அப்படியானால் பிரிக்கிற வேலையே வேண்டாம்.

"எல்லாத்தையும் தண்ணில போடலாம்."

"எல்லாத்தையுமா?" இப்போது நிஷா கேட்டாள்.

"ஆமா. கல்லுப்பு போட்டு ரெண்டு அலசல். ரெண்டாவதுலயும் சாயம் வுட்டா அது நம்ம துணி இல்ல. சபீனா வண்டில போவட்டும்."

"மெரூனும்?"

"மெரூனுந்தான்."

புதனும் வியாழனும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மொட்டைமாடியில் அண்டா, பக்கெட், குளிக்கிற டப்பு எல்லாம் வரிசையாக நின்றன. கஜபதியின் பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து, ஒவ்வொரு தண்ணீரிலும் ஒன்று போட்டாள் ஜெகதாம்பாள். வேட்டி வெள்ளையாக வெளியே வந்தால் துணி தங்கும். நிறம் ஏறினால் போகும். நிஷா மீட்டிங் இல்லாத நேரமெல்லாம் பேன்ட் காலை மடித்துவிட்டுக்கொண்டு அண்டாவில் நின்று மிதித்தாள். கொடி போதாமல் பக்கத்து வீட்டு மாடிக்கும் கயிறு கட்டினார்கள். தெருவில் பைக்கில் போன ஒருவர் நிறுத்தி மேலே பார்த்தார்.

"இன்னா கஜபதி, எந்தக் கட்சி மாநாடு?"

"எல்லாக் கட்சியும் கீது. கூட்டணி!" என்று கஜபதி மேலிருந்து கத்தினார்.

மெரூன் இரண்டாவது அலசலிலும் வேட்டி நாடாவைச் சிவப்பாக்கியது. ஜெகதாம்பாள் அதைப் பிழிந்து, போகிற குவியலில் போட்டாள்.

"இத மட்டும் தனியா வச்சுக்கலாமே, அத்தை. பாவமா இருக்கு."

"தனியா வெச்சா அதுக்குத் துணை தேடுவேன். அது ஒரு மூட்ட ஆவும்."

வெள்ளிக்கிழமை சபீனா லோடு ஆட்டோவோடு வந்தாள். குவியலைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாக்கா, நான் வித்த சரக்க எங்கிட்டயே தள்ற? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"சாயம் போவாதுன்னு சொல்லி வித்தவ நீதான். மெக்கானிக் ஷெட்டுக்குக் கை தொடைக்கக் குடு."

"சரி, ஏத்து. அது கெடக்குது, புது லாட் ஒண்ணு வந்துகீதுக்கா. அச்சு தெளிவா, பச்சையில..."

நிஷா திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம தாண்டிப் பேசு," என்றாள் ஜெகதாம்பாள்.

சனிக்கிழமை காலை பீரோவை நிரப்பினார்கள். நிஷா அட்டைகளை ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தாள். துணியை அட்டையில் சுற்றிப் புத்தகம்போல் நிறுத்தினாள் ஜெகதாம்பாள். அலசிய துணி பணிந்து மடிந்தது. மூலைகள் சரியாகப் பொருந்தின. அதைச் சொல்லவும் செய்தாள்.

"நீ நேரா வெட்டினது நல்லதுக்குத்தான்."

கடைசித் தட்டும் நிறைந்தது. கட்டிலில் இன்னும் ஓர் அடுக்கு மிச்சம். அதை உள்ளே திணித்தால் கதவு ஒரு சாண் திறந்தபடி நின்றது. நிஷா தோளால் தள்ளினாள். கஜபதி முதுகால் தள்ளினார். கதவு திரும்பி வந்தது.

"சபீனாவுக்கு போன் போடவா?"

"சும்மா இருங்க மாமா," என்றாள் நிஷா. "அத்தை, இவ்வளவு செஞ்சாச்சு. மிச்சத்தக் கட்டிலுக்கு அடில வச்சுக்கலாம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"நீ நெனைக்க மாட்டே. நான் நெனப்பேன்."

ஜெகதாம்பாள் திணித்ததை வெளியே எடுத்தாள். எல்லாம் பிறகு ஆகும் என்று வைத்தவை. பீரோவில் அடைக்கக் கை வராமல் கடைசிவரை தள்ளிவைத்ததும் அவைதான். நீல அச்சு, மஞ்சள் கட்டம், இலை போட்ட வெள்ளை. கடைசி ஆளாக நின்றதால் இடமில்லை என்று ஆகிவிட்டது. சபீனா வண்டிக்குப் போக வேண்டியது இவைதானா?

கத்தரியை எடுத்தாள். நீல அச்சின்மேல் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டினாள். இரண்டாவது வெட்டுக்குக் கை நிற்கவில்லை.

"பெருசு பெருசா வெட்றேன். நீ இஸ்திரி போட்டுக் குடுத்துகினே இரு. ஏங்க, அந்த மிஷினை இப்டி வெளிச்சத்துல தள்ளுங்க."

சாயங்காலத்துக்குள் மேல்பக்கம் இணைந்துவிட்டது. ஞாயிறு காலை அடித்துணி போட்டு, நடுவில் புடவை விரித்து, ஓட்டுத்தையலுக்கு நேரமில்லாமல் துண்டுகள் சேரும் சந்திப்புக்குச் சந்திப்பு நூல் முடிச்சுப் போட்டார்கள். நிஷாவின் முடிச்சுகள் கோணலாக விழுந்தன. ஜெகதாம்பாள் அவிழ்க்கவில்லை.

மதியம் வண்டி வந்தது. வினோத் படியேறி வந்து அறைவாசலில் நின்றான்.

"ஜன்னல் எப்பம்மா வெச்சீங்க?"

"அது நீ பொறந்ததுலேர்ந்து கீதுடா," என்றார் கஜபதி.

"துணியெல்லாம்?"

"பீரோல," என்றாள் ஜெகதாம்பாள்.

நிஷா போய்க் கதவைத் தள்ளினாள். மூடியது. சாவியைத் திருப்பினாள். பூட்டியது.

"அப்ப கட்டில் மேல விரிச்சிகீறது இன்னாமே?" கஜபதி விடுவதாக இல்லை. "அது துணி இல்லையா?"

"அது துணியா? போர்வை. யாரு வேணா கேட்டுப் பாருங்க."

நிஷா அத்தையைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். "இது செல்லுமா, அத்தை?"

"கதவு மூடணும்னே. மூடிச்சி. இன்னா செல்லாது?"

நிஷா பீரோ கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கொடுத்தாள். ஜெகதாம்பாள் அதை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

வினோத் தோளிலிருந்த பெட்டியைக் கட்டிலில் இறக்கப் போனான்.

"கீழ வெய்டா," என்றாள் ஜெகதாம்பாள். "இப்பத்தான் முடிச்சு போட்டது."