பக்கத்துக் கட்டில் டாக்டர்

பக்கத்துக் கட்டில்காரிக்கு வெளியிலிருந்து டாக்டர் வருவார். எனக்கு இந்த முதியோர் இல்லத்து டாக்டர்தான். சொல்லும்போதே வயிறு எரியுது. எரியட்டும்.

அவளுக்கு மகாராணின்னு பேர் வெச்சது நான்தான். மனசுக்குள்ள மட்டும். நேர்ல அக்கா. அவ டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "என்னம்மா, முட்டி என்ன சொல்லுது?"ன்னு அவகிட்டயே கேப்பார். அவளும் முட்டியில ஆரம்பிச்சு மருமக வரைக்கும் கொட்டித் தீப்பா. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல தொங்குற திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சு விடாம கேட்டுக்கிட்டு கிடப்பேன்.

இல்லத்து டாக்டர் உக்காரவே மாட்டார். என் கால்மாட்டுல நின்னுக்கிட்டு, "இவங்க தூங்குறாங்களா? சாப்பிடுறாங்களா?"ன்னு சிஸ்டரைக் கேப்பார். அடப்பாவி, நான்தான் முழிச்சுக்கிட்டு கிடக்கேனே! வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த ரூமுக்குப் போயிருப்பார். என்னையும் ஒரு மனுஷியா நெனச்சு ஒருத்தர் கேக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாம, "நீங்க கொடுத்து வெச்சவங்கக்கா"ன்னேன்.

"கொடுத்தும் வெக்கல, எடுத்தும் வெக்கல. உடம்பு நம்மளது, டாக்டர் யாருன்னு நாமதான் சொல்லணும். மேனேஜர்கிட்ட சண்டை போட்டுத்தான் வாங்கினேன். நீயும் கேளு. உரிமை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கேட்டேன். "இங்கயே டாக்டர் இருக்கும்போது எதுக்கும்மா?"ன்னு இழுத்தார் மேனேஜர். "அவங்களுக்கு மட்டும் எதுக்கு?"ன்னேன். மனுஷன் நோட்டை எடுத்துப் பிரிச்சார். "சரி, யாரு வேணும்?"

"அவங்க டாக்டர்தான்."

மகாராணி முகம் போன போக்கைப் பாக்கணுமே! "ஏன், ஊர்ல டாக்டருக்கா பஞ்சம்?"னு சீறினா. "உரிமை எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா"ன்னேன், வெல்லமா.

வீம்பு யாரை விட்டது? மறுநாளே, தனக்கு இல்லத்து டாக்டரே போதும்னு சொல்லிட்டா. மூக்கை அறுத்துக்கிட்டாவது எதிரிக்குச் சகுனத் தடை பண்ற கதைதான். எனக்கென்ன வந்தது, டாக்டர் முழுசா எனக்கே!

வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். இடுப்பு வலியை, தூங்காத ராத்திரியை, போன் எடுக்காத மகனை எல்லாம் சொன்னேன். நிதானமா கேட்டார். மனசு குளுந்துதுன்னு வெச்சுக்கோங்க. எழுந்திரிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு என் மேல என்னம்மா கோபம்?"னார். குளுந்த மனசு அப்பவே கொதிக்க ஆரம்பிச்சுது.

அடுத்த நாள் இல்லத்து டாக்டர் அவ கட்டிலுக்கு வந்தார். வழக்கம்போல சிஸ்டரைப் பாத்து, "இவங்க தூங்குறாங்களா?"

"என்னைக் கேளுங்க டாக்டர். தூங்குறது நான்தானே? முதல்ல உக்காருங்க."

உக்காந்தார்! சிரிச்சுக்கிட்டே, "சரி, சொல்லுங்கம்மா"ன்னார். முட்டி, மருமக, எல்லாம் வரிசையா வந்துது. நடுவுல ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு சிரிப்பு வேற. இந்த மனுஷனுக்கு முட்டி மடங்கும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பாழாப்போன வயிறு மறுபடி எரிஞ்சுது. திரையை விலக்கி, "டாக்டர், எனக்கும் ராத்திரி தூக்கமே வரல"ன்னேன்.

முதல் தடவையா என் கண்ணைப் பாத்துப் பேசினார். "நீங்க இப்ப என் பேஷண்ட் இல்லையேம்மா. உங்க டாக்டர் வரும்போது சொல்லுங்க."

மகாராணி கையை நீட்டித் திரையை இழுத்து விட்டா.