இரண்டு பூட்டுகளும் ஒரு தொட்டியும்

பத்து நாற்பதுக்குத் தண்ணீர் நின்றது. பத்து நாற்பத்தொன்றுக்குச் சலவை ஆலையில் எல்லாருடைய கண்ணும் பட்டியலின் மேல் இருந்தது.

பட்டியல் என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். மருத்துவமனையிலிருந்து வரும் அழுக்கு மூட்டைகளையும் திரும்பிப் போகும் வெளுத்த மூட்டைகளையும் எண்ணி எழுதுவது அவள் வேலை. எதைச் சொன்னாலும் முதலில் எழுதிக்கொள்வாள், பிறகுதான் பதில் சொல்வாள். பதிலையும் "அப்படின்னு நினைக்கிறேன்" என்றே முடிப்பாள்.

"என்னம்மா பட்டியல், தண்ணி நின்ன நேரத்தைக் குறிச்சாச்சா?" என்று இஸ்திரி அக்கா கேட்டாள். இஸ்திரி மேசைக்கு அவள்தான் தலைவி. நாக்கு இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடு.

"குறிச்சிட்டேன் அக்கா, அப்படின்னு நினைக்கிறேன்."

"அந்தச் சீட்டைப் பிழிஞ்சா தண்ணி வருமான்னு பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டியலுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு மெஷின்களில் மூன்றுக்குள் அறுவை அரங்கின் பச்சைத் துணி சோப்பு நுரையோடு அலசப்படாமல் கிடந்தது. நான்கு மணிக்குள் அது மருத்துவமனையின் கிருமி நீக்கும் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் மறுநாள் பதினான்கு பேருக்கு அறுவை சிகிச்சை. பதினான்கு பேரில் இரண்டாவது பெயர் அவளுடைய அம்மாவின் பெயர்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பதினோரு நாளாக மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு முறை தேதி தள்ளிப்போயிற்று. முதல் முறை டாக்டர் வரவில்லை. இரண்டாவது முறை துணி போய்ச் சேரவில்லை. அந்தத் துணி கிளம்பாமல் இந்த ஆலையின் வாசலிலேயே நின்றதைப் பட்டியல் தன் கண்ணால் பார்த்தாள். நேரத்தையும் குறித்துவைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதை அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

"பின்னாடி தொட்டி நிறைய தண்ணி இருக்கே," என்றார் மெக்கானிக்.

இருந்தது. ஆனால் தொட்டி அறைக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. பெரிய முதலாளி படுக்கையில் விழுந்த பிறகு ஆலையை அவருடைய இரண்டு மகன்களும் சேர்ந்து நடத்தினார்கள். சேர்ந்து என்றால், எதிரெதிரே இரண்டு கண்ணாடி அறைகளில் உட்கார்ந்து. தண்ணீரை யார் வீணாக்கியது என்று ஒருநாள் வந்த சண்டையில் பெரியவர் ஒரு பூட்டைப் போட்டார். சின்னவர் அதன் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பட்டியல் பெரியவரின் அறைக்குப் போனாள்.

"திறக்கலாமே," என்றார் பெரியவர். "முதல்ல தம்பி அவன் பூட்டைத் திறக்கட்டும். நான் அடுத்த நிமிஷம் வரேன்."

பட்டியல் எதிர் அறைக்குப் போனாள்.

"எனக்கு என்ன ஆட்சேபம்?" என்றார் சின்னவர். "மூத்தவர் அவர்தானே, அவர் முதல்ல திறக்கட்டும். அதுதான் மரியாதை. நான் மரியாதை தெரிஞ்சவன்."

மறுபடி பெரியவர். "மரியாதையா? அவனா? சரி விடு, தொட்டித் தண்ணி பாய்லருக்கு வேணும். குழாய்த் தண்ணி வந்துடும், பார்க்கலாம்."

மறுபடி சின்னவர். "பார்க்கலாம்னாரா? அப்ப நானும் பார்க்கிறேன்."

மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பியவளின் கையை இஸ்திரி அக்கா பிடித்து நிறுத்தினாள். "நீ என்ன டென்னிஸ் பந்தா? குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு போய்ப் பாருடி."

தெருமுனைக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய குழியைச் சுற்றி நகராட்சிக் குழாய்ப் பணியாளர்கள் ஏழு பேர், ஏழு மண்வெட்டிகளின் மேல் சாய்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏன் அண்ணா நிக்கிறீங்க? சரி பண்ணலாமே?"

"வால்வை மூடினாத்தான் குழிக்குள்ள இறங்க முடியும்," என்றார் அவர்களில் மூத்தவர். "மூட உத்தரவு வேணும்."

"வால்வு எங்க இருக்கு?"

"இதோ, என் கால்கிட்ட."

தண்ணீர் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மூச்சு வாங்க மாடி ஏறினாள். அதிகாரியின் நாற்காலி ஒன்றரை வருடமாகக் காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். அதிகாரி வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்பவர்.

"நான் வெறும் பொறுப்பு அதிகாரிம்மா," என்றார் அவர், மன்னிப்புக் கேட்பதுபோல. "அந்த வால்வை மூடினா மருத்துவமனைக்கும் தண்ணி நிக்கும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, யார் சொல்லி மூடினேன்னு கேட்பாங்க."

"அவங்களுக்கு மேல்தொட்டி இருக்கு மேடம். ஆறு மணி நேரம் தாங்கும். துணி இறக்கும்போது கேட்டிருக்கேன். அப்படின்னு…" சொல்லவந்த மீதியை விழுங்கினாள். "தாங்கும் மேடம்."

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

பொறுப்பு அதிகாரி தொலைபேசியை எடுத்தார். குழாய்ப் பிரிவு, சாலைப் பிரிவைக் கேட்கச் சொன்னது. சாலைப் பிரிவு, சுகாதாரப் பிரிவைக் கேட்கச் சொன்னது. சுகாதாரப் பிரிவில் இருந்தவர் தும்மிவிட்டு, மண்டல அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார். மண்டல அலுவலகத்தில் ஐந்து நிமிடம் இசை ஒலித்தது. பிறகு ஒரு குரல், "இது தண்ணீர் அலுவலகம் முடிவு செய்ய வேண்டிய விஷயமாச்சே" என்று சொல்லி வைத்துவிட்டது.

பழக்க தோஷத்தில் பட்டியல் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்திருந்தாள். யார் யாரைக் கேட்கச் சொன்னார்களோ, அவரிடமிருந்து இவருக்கு ஒரு அம்புக்குறி. கடைசி அம்பைப் போட்டபோது அது முதல் பெயரில் வந்து குத்தி நின்றது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், சீட்டை மேசையின் குறுக்கே தள்ளினாள்.

பொறுப்பு அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் அம்புகளைத் தொடர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஒன்றரை வருஷமா எல்லா ஃபைலும் இப்படித்தான் சுத்துதா?"

"இன்னைக்குச் சுத்தினதை மட்டும்தான் மேடம் எழுதியிருக்கேன்."

பொறுப்பு அதிகாரி எழுந்து, மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டினார். அடுத்து அவர் நடந்த வேகத்துக்குப் பட்டியலே ஓட வேண்டியிருந்தது. குழியருகே போய் நின்று, புடவை நனைவதைக்கூடப் பாராமல், "மூடுங்க!" என்றார்.

"யார் சொன்னதுன்னு எழுதிக்கட்டும் மேடம்?" என்று மூத்தவர் கேட்டார்.

"நான் சொன்னேன். என் பேரைப் போடுங்க. 'பொறுப்பு'ங்கிற வார்த்தையே வேண்டாம்."

ஏழு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பீறிட்ட தண்ணீர் இடுப்பளவுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, அடங்கியது. அதுவரை மண்வெட்டிக்கு முட்டுக் கொடுத்து நின்றவர்கள், "இறங்குடா, பிடிடா, இந்தப் பக்கம் வெட்டுடா" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு வெட்டினார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான். இத்தனை பலத்தை இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தார்கள் என்று பட்டியல் வியந்தாள். சீட்டில் எழுதத் தோன்றவில்லை.

"குழாய் ஒட்டி முடிய மூணு மணி ஆகும்," என்றார் மூத்தவர்.

மூன்று மணி. பட்டியல் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அலச ஒரு மணி நேரம், உலர்த்த ஒரு மணி நேரம், இஸ்திரி ஒரு மணி நேரம். மூன்று மணிக்குத் தண்ணீர் வந்து பயனில்லை.

அவள் ஆலைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு கண்ணாடி அறைகளிலும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தே இருந்தார்கள்.

"மெக்கானிக் அண்ணா, பாய்லருக்கு எவ்வளவு தண்ணி வேணும்?"

"பாதித் தொட்டி இருந்தா சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

"மீதிப் பாதியில மூணு மெஷின் அலசலாமா?"

"தாராளமா. நாலாவது முடியாது."

"மூணு போதும். பச்சைத் துணி மட்டும். படுக்கை விரிப்பெல்லாம் நுரையில ஊறட்டும். பாதித் தொட்டிக்குச் சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. அதுக்குக் கீழ நானே கேட்டாலும் தராதீங்க. கட்டரை எடுத்துட்டு வாங்க."

மெக்கானிக் அசையவில்லை. "உடைக்கவா? யாரு சொன்னான்னு கேட்டா?"

பட்டியல் இரண்டு கண்ணாடி அறைகளையும் பார்த்தாள். வேலை போனால் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்தாள். அவ்வளவு நேரம்தான் கொடுத்தாள்.

"நான் சொன்னேன்."

"அப்படிப் போடு!" என்று இஸ்திரி அக்கா மேசையைத் தட்டினாள்.

இரண்டு பூட்டுகளும் இரண்டு தடவை 'டக்' என்றன. அந்தச் சத்தத்துக்கு இரண்டு அறைகளின் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. ஆறு மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான். இருவரும் மூச்சிரைக்க ஓடிவந்து, கீழே கிடந்த பூட்டுகளைப் பார்த்தார்கள்.

"முதல்ல யார் பூட்டை உடைச்ச?" என்றார் பெரியவர்.

"ஆமா, அதைச் சொல்லு," என்றார் சின்னவர்.

"எழுதி வச்சிருக்கேன் சார். நாலு மணிக்கு அப்புறம் காட்டுறேன்," என்றாள் பட்டியல். அதோடு நிறுத்தவில்லை. "பெரியவரே, ட்ரையர் மூணையும் இப்பவே சூடாக்குங்க, உங்களுக்குத்தான் அது கைவந்த கலை. சின்னவரே, மருத்துவமனைக்குப் போன் போட்டு, துணி கிளம்புதுன்னு சொல்லுங்க. பார்க்கலாம்னு சொல்லிடாதீங்க. வருதுன்னு சொல்லுங்க."

பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ட்ரையர் பக்கம் போனார். போனவர் திரும்பி, "வேன்ல டீசல் இருக்கான்னு அவனைப் பார்க்கச் சொல்லு," என்றார். தம்பி நான்கடி தூரத்தில்தான் நின்றார். "சொல்ல வேண்டாம், காதுல விழுது," என்று அவரே கிளம்பினார்.

அதற்குப் பிறகு ஆலை ஒரே ஓட்டம். தண்ணீர் திமுதிமுவென்று மெஷினுக்குள் விழுந்த சத்தத்துக்கு யாரோ கை தட்டினார்கள். தொட்டித் தண்ணீர் சாக்பீஸ் கோட்டைத் தொட நான்கு விரல் இருக்கும்போது கடைசி அலசல் முடிந்தது. இரண்டு நாற்பதுக்கு உலர்ந்த துணி மேசைக்கு வந்தது. மடிக்க ஆள் போதவில்லை. பெரியவரே வந்து ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க அந்த நேரத்தில் தம்பியைத் தவிர வேறு ஆள் இல்லை.

"கோணலா மடிச்சீங்கன்னா ரெண்டு பேரையும் திருப்பி மடிக்க வைப்பேன்," என்றாள் இஸ்திரி அக்கா. இருவரும் ஒழுங்காக மடித்தார்கள்.

மூன்று முப்பத்தாறுக்கு வேன் புறப்பட்டது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு மருத்துவமனையின் பின்வாசல். கிடங்குக்காரர் படிவத்தை நீட்டினார். "ரெண்டு கையெழுத்து வேணுமே? அண்ணன், தம்பி ரெண்டு பேரும் போடுவாங்களே. போன தடவை ஒரு கையெழுத்து இல்லாமத்தானே வேன் உங்க ஆலை வாசல்லயே நின்னுச்சு?"

"இன்னைக்கு ஒண்ணுதான்."

"யாரு சொன்னா?"

பட்டியல் பேனாவை வாங்கி, 'அனுப்புபவர்' என்ற இடத்தில் தன் முழுப்பெயரை எழுதினாள். கிடங்குக்காரர் பெயரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டைகளை உள்ளே தள்ளினார்.

மேலே வார்டில் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மகள் வந்ததும் முகர்ந்தாள். "என்னடி, சோப்புத் தொட்டியில விழுந்தியா?"

"அம்மா, போன தடவை தேதி தள்ளிப்போச்சே. எங்க ஆலையிலதான் துணி நின்னுச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அம்மா மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். சோப்பில் ஊறி விரல்நுனி சுருங்கிப் போயிருந்த கை.

"நாளைக்காவது உண்டா?"

"உண்டு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? டாக்டர் சொல்லட்டும்," என்றாள் அம்மா. ஆனால் கையை விடவில்லை.